பூட்ஸுக்கு வைத்த சந்தனம்

அந்த வருஷமும் கேடயத்தை நாங்கள் வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தாட்டக் கதை என்றால் கடைசி நிமிஷத்தில் கோல் விழும், கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மேளதாளத்தோடு ஊர்வலம் போவார்கள் என்று எதிர்பார்க்கிறவர்களைக் கடைசி வரை உட்காரவைத்து ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை. நாங்கள் எங்கும் ஊர்வலம் போகவில்லை. ஆனாலும் அந்த ஒரு சீசனை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கால் குறுகுறுக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில் எங்கள் பஸ் கம்பெனிக்கு ஒரு புட்பால் டீம் இருந்தது. பந்தாடுவதற்கென்று தனியாகச் சம்பளம் கிடையாது. கால் நன்றாக ஓடுகிறவனைப் பிடித்து வந்து கம்பெனியில் ஏதாவது ஒரு வேலையில் போடுவார்கள். காலையில் வேலை, சாயங்காலம் பந்து. எங்கள் முதலாளிக்கு இரண்டே ஆசைகள்தாம். திருச்சியில் ஓடுகிற எல்லா பஸ்ஸையும்விடத் தன் பஸ் பளபளவென்று இருக்க வேண்டும். நூல் மில் முதலாளியின் டீமைத் தன் டீம் தோற்கடிக்க வேண்டும். முதல் ஆசை தினமும் நிறைவேறிக்கொண்டிருந்தது.

என்னைத் துறையூர்ப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் நடந்த ஒரு பந்தயத்தில் நான் இடது ஓரமாக வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்ததை எங்கள் கம்பெனி டிரைவர் ஒருவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். பஸ் நிறைய ஆட்கள். அவர்களும் இறங்கி நின்று பார்த்தார்களாம். அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. துறையூர் வண்டியில் கண்டக்டர், டீமில் லெப்ட் அவுட். வேலை டெம்பரரிதான், சீசன் முடிந்ததும் முதலாளி பார்த்துப் பர்மனன்ட் செய்வார் என்றார்கள்.

அப்பாவுக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. அவர் வாரம் ஒரு முறை கத்தரிக்காயும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்கு வருவார். சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு மத்தியான வண்டியில் திரும்பிவிடுவார். சாயங்காலம் நடக்கும் ஆட்டம் எதையும் அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் சொன்னதில்லை.

"பந்தை ஒதைக்கிறவனுக்கு ஒரு கம்பெனி வேலை குடுக்குதா? நாளைக்கு அந்தப் பந்து கிழிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவ?" என்று மார்க்கெட் வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் கேட்கும்படி ஒரு நாள் கேட்டார்.

"வேற பந்து வாங்குவாங்கப்பா."

"வாயி மட்டும் நல்லா ஓடுது. இந்தா பாரு, தீபாவளி வரைக்கும் பொறுத்திருக்கேன். பர்மனன்ட் ஆக்குனாங்கன்னா இருந்துக்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆக்கலேன்னா மறுபேச்சு பேசாம வந்து ஏரைப் புடி."

நியாயமான பேச்சுதான். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை, நிலத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆனால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் வயது. தீபாவளிக்குள் பர்மனன்ட் ஆகாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டம் நன்றாக இருந்தால் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால் ஆட்டமும் நிலைக்கும் என்பது என் கணக்கு. இரண்டையும் தனித்தனியாக யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் பூட்ஸ் வந்தது.

அதுவரை எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வெறுங்காலில்தான் ஆடுவோம். கணுக்காலில் ஒரு துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. அந்த வருஷம் டோர்னமெண்ட் கமிட்டி ஒரு சட்டம் போட்டது: பூட்ஸ் இல்லாமல் எவனும் மைதானத்தில் இறங்கக் கூடாது. முதலாளி சளைக்கவில்லை. பெரிய கடைவீதியிலிருந்து செருப்புத் தைக்கிற ஆளை வரவழைத்து, எல்லோருடைய காலையும் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு போகச் சொன்னார். என் காலை வரைந்தவர் காகிதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு என் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். சேற்றில் நடந்து நடந்து என் விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும். அந்த அகலத்துக்குத் தைத்தால் நீளம் அதிகமாகிவிட்டது, நீளத்துக்குத் தைத்தால் சுண்டுவிரல் உள்ளே போகமாட்டேன் என்றது. கடைசியில் நீளமாகவே தைத்து முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்கள்.

முதல் ஆட்டத்திலேயே என் மானம் போயிற்று. வெறுங்காலில் இருந்தபோது பந்து என்னைக் கேட்டுக்கொண்டு ஓடும். பூட்ஸுக்குள் கால் போனதும் எனக்கும் பந்துக்கும் நடுவில் யாரோ ஒரு மூன்றாம் மனிதர் வந்து உட்கார்ந்துகொண்டார். இடது பக்கம் தட்டினால் கோட்டுக்கு வெளியே போனது, ஓங்கி அடித்தால் கொடிக் கம்பத்துக்கு மேலே போனது. துறையூரிலிருந்து தேடிப் பிடித்து வந்த லெப்ட் அவுட் இதுதானா என்று ஜனங்கள் சிரித்தார்கள்.

எங்கள் கேப்டன், ஷெட்டில் தலைமை பிட்டர். பழுதான இன்ஜினைக் கையால் தடவிப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர். அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"தோல் பழகணும்டா தம்பி. பூட்ஸைக் கழட்டாத. வண்டியிலயும் போட்டுக்கிட்டே டிக்கெட் குடு."

அவர் சொல்லைத் தட்ட முடியாது. அடியில் தோல் குமிழ்கள் வைத்த அந்த பூட்ஸோடு ஒரு மாதம் துறையூர் வண்டியில் டிக்கெட் கொடுத்தேன். புட்போர்டில் ஏறினால் வழுக்கியது. வண்டிக்குள் நடந்தால் டக்கு டக்கு என்று சத்தம். மண்ணச்சநல்லூரில் ஏறும் தயிர்க்கார அம்மாள், "என்னப்பா கண்டக்டரு, உனக்கு லாடம் அடிச்சுட்டாங்களா?" என்று கேட்டதோடு என் பெயரே லாடக் கண்டக்டர் ஆகிவிட்டது. மூன்று பயணிகளின் காலை மிதித்தேன். அவர்களில் ஒருவர் வக்கீல். காலையில் கொள்ளிடத்து மணலில் பூட்ஸோடு ஓடச் சொன்னார்கள், ஓடினேன். விளக்கெண்ணெய் தடவினேன். கொப்புளம் உடைந்து ஆறி, ஆறின இடத்திலேயே மறுபடி கொப்புளம் வந்தது. ஆட்டம் மட்டும் வரவில்லை.

இருந்தும் டீம் அரை இறுதிவரை போயிற்று. அதற்குக் காரணம் எங்கள் கோல்கீப்பர். ஸ்ரீரங்கத்து உத்தர வீதிக்காரர், கம்பெனி ஆபீசில் கிளார்க். நெற்றியில் திருமண் கலையாமல் விழுந்து பந்தைப் பிடிப்பார். எப்படி முடிகிறது என்று கேட்டால், "அடியேன் என்ன பண்றேன், பெருமாள் கடாக்ஷம்" என்பார். ஆட்டம் முடிந்ததும் அம்மா மண்டபத்தில் இறங்கி முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சாயங்காலம் முழுக்கத் தோல் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது அகத்துக்குத் தெரியக் கூடாதாம். ஊருக்கே தெரிந்த விஷயம், அகத்துக்கு மட்டும் தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம்.

அரை இறுதியில் எதிரி மில் டீம். முதலாளி ஒரு வாரமாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த ஒரு ஆட்டத்துல நீ என்ன பண்றேங்கிறத வச்சுத்தான் உன் விஷயம்" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, விளக்க வேண்டியும் இருக்கவில்லை. அன்றைக்கு ஆட்டம் நடக்க வேண்டிய நேரத்துக்கு மழை கொட்டியது. தேதியைப் பிறகு சொல்கிறோம் என்று கமிட்டிக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. பஸ் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் வேறு எந்தப் பண்டிகையும் கிட்டே வர முடியாது. காலை டிரிப் முடிந்ததும் எல்லா வண்டியும் ஷெட்டுக்கு வந்துவிடும். கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு வரிசையாக நிறுத்துவோம். எதிரே ஜாக்கி, ஸ்பேனர், சுத்தியல், எங்கள் டிக்கெட் பைகள், விசில்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை ஒருவரும் தொட மாட்டோம். ஒரு போல்ட்டு முடுக்க வேண்டியிருந்தாலும் மறுநாள்தான்.

அந்த வருஷம் கேப்டன் பதினொரு ஜோடி பூட்ஸையும் கழுவி எடுத்து வந்து ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அடுக்கினார்.

கோல்கீப்பர் பதறிப்போனார். "ஓய், பாதரக்ஷையைக் கொண்டுவந்து பூஜையில வெக்கறதாவது? அபசாரம்!"

"நீங்க கோயில்ல சடாரியத் தலையில வாங்கிக்கறீங்களே சாமி, அது பாதம் இல்லாம என்ன?" என்றார் கேப்டன்.

கோல்கீப்பர் தாமே சந்தனக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தார். அது பெருமாள் பாதம், இது நம்ம பாதம் என்று சொல்லியிருக்கலாம், ஏனோ சொல்லவில்லை. கேப்டன் ஒவ்வொரு பூட்ஸின் மூக்கிலும் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். என் பூட்ஸுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்ததைப் பார்த்தேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தோம். அந்தப் பூசணிக்காய்கள் அன்று காலை அப்பா காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்த சரக்கு.

பொரியும் சுண்டலும் கையில் வாங்கியிருப்போம், கமிட்டி பியூன் சைக்கிளில் வந்து நின்றான். மைதானம் காய்ந்துவிட்டது, லீவு நாளாக இருப்பதால் கூட்டமும் வரும், அரை இறுதி இன்றைக்கே, சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றான்.

எல்லோரும் பூட்ஸைப் பார்த்தோம். அவை சந்தனப் பொட்டோடு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன.

"எடுத்துட்டா என்ன?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கேப்டன் திரும்பினார். "ஸ்பேனரைத் தொட மாட்டோம், ஜாக்கியைத் தொட மாட்டோம், பூட்ஸை மட்டும் தொடலாமா? நாளைக்குப் பிரேக் புடிக்காமப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

முதலாளியைப் பார்த்தோம். மில்காரனைத் தோற்கடிக்க எதையும் விற்கத் தயாராக இருந்த மனிதர், சாமி படத்தைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவர் சொல்றதுதான் சரி. கடைவீதியில புதுசா வாங்கிடலாம்னா, இன்னிக்கு எந்தக் கடை தொறந்திருக்கும்? போய் கமிட்டிக்காரங்க கால்ல விழுவோம்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆடாமலே தோற்றுவிட்டால் முதலாளி என்னத்தைப் பார்த்து என் விஷயத்தை முடிவு செய்வார்?

அந்த நேரத்தில் அப்பா ஷெட்டுக்குள் வந்தார். தோளில் காலிச் சாக்கு, முகத்தில் கடுகடுப்பு.

"தொறையூர் வண்டி எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்குக் காலையிலதாம்பா. பூஜை போட்டாச்சு."

"அடக் கொடுமையே! பூசணிக்காய் குடுத்தவனுக்கே பஸ் இல்லியா?"

வேறு கம்பெனி வண்டிகளும் அப்படித்தான் நின்றன. வேறு வழியில்லாமல் எங்களோடு மைதானத்துக்கு வந்தார். வரும் வழியெல்லாம் எங்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் நல்ல கூட்டம். பதினொரு பேரும் வெறுங்காலோடு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம். ஆட்டத்தை நடத்துகிற ரெப்ரி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

"பூட்ஸ் எங்கே மேன்?"

"சாமிகிட்ட இருக்கு சார். நாளைக்குத்தான் தருவாரு" என்றார் கேப்டன்.

ரெப்ரி முகம் சிவந்து, மில் டீம் பக்கம் திரும்பினார். அங்கேயும் பதினொரு பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் காலிலும் ஒன்றும் இல்லை. அவர்கள் மில்லிலும் ஆயுத பூஜைதானே! நூல் நூற்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பூட்ஸை அடுக்கி அவர்களும் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கணம் இரண்டு டீமும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர்கள் கேப்டன் சிரித்தார், எங்கள் கேப்டன் சிரித்தார், மைதானம் முழுக்கச் சிரிப்பு பரவியது. ஒரு மாதமாக எனக்குச் சிரிப்பே வந்ததில்லை. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ரெப்ரி புத்தகத்தைப் புரட்டினார். ஒரு டீம் பூட்ஸ் இல்லாமல் வந்தால் தோற்றதாகச் சொல்லிவிடலாம், இரண்டுமே வந்தால் என்ன செய்வது என்று அதில் போடவில்லை போலிருக்கிறது. புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து தன் பூட்ஸையும் கழற்றினார். "ஐ டோன்ட் வான்ட் டு பிரேக் யுவர் டோஸ், உங்க கால்விரலை ஒடைக்க மாட்டேன் மேன்" என்று முணுமுணுத்தபடி விசிலை ஊதினார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வது பெருமையாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த மண், மேலே லேசான புல். முதல் அடி வைத்ததும் விரல்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. பந்து வந்து என் காலில் பட்டது, அது எங்கே போக நினைக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மாதக் கொப்புளமும் வலியும் எங்கே போயின என்று தெரியவில்லை. பின்வரிசையில் நின்ற அவர்கள் பேக்குகள் இரண்டு பேரைத் தாண்டி நடுவில் கொடுத்தேன், முதல் கோல். மில்காரர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். அதற்குப்பின் நாலு தரம் அவர்கள் அடித்ததையும் எங்கள் ஸ்ரீரங்கத்தார் பாய்ந்து பாய்ந்து தடுத்தார். ஆட்டம் முடிகிற சமயத்தில் இடது கோட்டோரமாக நானே கொண்டுபோனேன். ஒருவன் குறுக்கே விழுந்தான், தாண்டினேன். அவர்கள் கோல்கீப்பர் வலப்பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் இடப்பக்கம் தள்ளினேன். ஓங்கிக்கூட அடிக்கவில்லை. பந்து நடந்துபோய் உள்ளே உட்கார்ந்தது.

முதலாளி மைதானத்துக்குள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் வேட்டியெல்லாம் மண். அப்பா கிட்டே வரவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த ஒருவர், "யாருங்க அந்த லெப்ட் அவுட்டு?" என்று கேட்டதற்கு, "யாரோ தொறையூர்ப் பக்கத்துப் பய" என்று இவர் பதில் சொன்னாராம். சொல்லிவிட்டு, கேட்டவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாராம். சோடாக் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை விஜயதசமி பூஜை முடிந்து ஸ்பேனர்கள் அவரவர் கைக்குப் போயின. என் பூட்ஸும் வந்தது. சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து நீ ஆடுனது ஆட்டம். என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இன்னையிலேர்ந்து உனக்கு வேலை பர்மனன்ட்."

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. பைனல்ல பூட்ஸ் இல்லாம விட மாட்டாங்க. இனிமே எந்த ஊர்லயும் விட மாட்டாங்க. மதுரையிலேர்ந்து ஒரு பையன் வர்றான், சின்ன வயசுலேர்ந்து பூட்ஸ் போட்டே ஆடுனவன். நீ வண்டிய மட்டும் பாத்துக்க."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் தன் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். தலையை ஆட்டிவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

துறையூர் முதல் டிரிப். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பர்மனன்ட் பண்ணிட்டாங்கப்பா."

"அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டினார். பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம் பையங்க. பர்மனன்ட்டு" என்றார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "பின்ன எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"இனிமே ஆட வேணாம்னுட்டாங்க. பூட்ஸ் போட்டு ஆடுறவன் ஒருத்தன் வர்றானாம்."

நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னால் போனேன். வண்டி காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. திரும்பி முன்னால் வந்தபோது அப்பா என் பை வாரைப் பிடித்து இழுத்தார்.

"அப்ப நேத்து நான் பாத்ததுதான் கடைசியா?"

"ஆமாம்பா."

துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நல்ல வேளைடா," என்றார், "நேத்து பஸ்ஸு ஓடல."